விட்டத்தில் இருந்த ரயில்

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டின் முகட்டு விட்டம் வளைந்திருந்தது. போன முதல் நாள் மதியம் விருந்து சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தபோதே அது கண்ணில் பட்டது. நடுவில் ஒரு முழம் அளவுக்குத் தெற்கே தள்ளிக்கொண்டு நின்றது. சாக்கு சுற்றி, மேலே சிமெண்டு பூசி, அதற்கும் மேலே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதன்மேல் உட்கார்ந்த ஓடுகளும் வரிசை கோணி, வெளியிலிருந்து பார்த்தால் கூரைக்குத் தொந்தி போட்டது போல இருக்கும். என் வீட்டுக்காரர் கொத்தனார். திண்டிவனத்தில் பாதித் தெருவுக்குத் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் எழுப்பியவர். அவர் வீட்டிலா இப்படி?

“இன்னாங்க இது, விட்டம் கோணிக்கினு இருக்குது?” என்று கேட்டேன்.

“மரம் அப்படி. வளைஞ்ச மரம்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். போனவர் சாயங்காலம் வரை திரும்பவில்லை.

எனக்குச் சொந்த ஊர் விழுப்புரம். அப்பா கேங்மேனாக இருந்தார். ஜங்ஷன் பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் பிறந்து வளர்ந்தேன். அவர் பணியில் இருக்கும்போதே போய்விட்டதால் அந்த வேலை எனக்கு வந்தது. இப்போது அதற்கு டிராக் மெயின்டெய்னர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். சுத்தியல் மட்டும் அதே எடைதான். மயிலம் பக்கத்தில் எனக்கு விட்டிருக்கிற தூரத்தைத் தினமும் தண்டவாளத்தோடு நடந்து, கழன்ற கிளிப்பைத் தட்டி, நகர்ந்த ஜல்லியைத் தள்ளி, சந்தேகம் வந்த இடத்தில் சிவப்புக் கொடியை எடுப்பது என் வேலை. ஆண்பிள்ளைகள் செய்யும் வேலை என்று சொன்ன இரண்டு பேர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வாழ்க்கைப்பட்ட ஊர், மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் என்றால் முப்பது சொச்சம் வீடு. பாதி வெட்டித் தின்னப்பட்ட ஒரு மலையின் தோளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்லோரும் கல்லுடைக்க வந்தவர்களின் வாரிசுகள். குவாரி போன பிறகு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார்கள், கட்டட வேலைக்குப் போகிறார்கள். அந்த ஊரில் எல்லா வீட்டு விட்டமும் சிமெண்டு பூசிய விட்டம்தான். மாட்டுக் கொட்டகையில்கூட! ஏதோ இந்த ஊர் வழக்கம் போல என்று விட்டுவிட்டேன். என்னை அங்கே ‘ரயில்காரி’ என்பார்கள். ரயில்காரி எந்த வீட்டு வாசலில் கால் வைத்தாலும், வீட்டுக்காரம்மா முதலில் என் முகத்தைப் பார்ப்பாள், அடுத்து அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள். பல்லி சகுனம் பார்க்கிறார்கள் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை அப்பாவியாக நான் இருந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து ரோட்டுக்கு இறங்க ஒரு வழி உண்டு. அந்த வழிமேல் எனக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கண். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே சீரான இறக்கம். எங்கேயும் சட்டென்று விழாது, எங்கேயும் ஏறாது. பாறை குறுக்கே வந்தால் நிதானமாக வளைந்து போகும். மாட்டு வண்டிக்குப் போட்ட வழி மலையோடு மல்லுக்கட்டும், ஆடு போன வழி செங்குத்தாக ஏறும். இப்படி அளந்து இறங்குவது இரும்புச் சக்கரத்துக்குப் போட்ட வழி மட்டும்தான். ஒருநாள் மாமியாரிடம் வாயை விட்டேன்.

“அத்தே, இது ரயிலுக்குப் போட்ட வழி மாதிரியே இருக்குது.”

அவர் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தார். துடுப்பு நின்றது. “ரயிலா? இந்த மலைலயா? வெயில்ல நடந்து நடந்து உனுக்கு மண்டை காய்ஞ்சி போச்சி. போயி ஒரு சொம்பு மோரு குடி.”

மோரைக் குடித்துவிட்டு நானும் விட்டுவிட்டேன்.

அந்த வழிக்குத்தான் வினை வந்தது. மலையடிவாரத்து நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார், ஜல்லி கிரஷர் போடுவதற்கு. வாங்கிய கையோடு, வழி வளைகிற இடத்தில் இரண்டு சிமெண்டுத் தூண் நட்டு, இரும்புக் கேட் போட்டு, பூட்டைத் தொங்கவிட்டார். கேட்டால், என் பட்டாவில் இருக்கிறது என்று காகிதத்தைக் காட்டினார். காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது. அன்றிலிருந்து ஊர் மொத்தமும் மலையைச் சுற்றிக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பால்காரர், சுத்தியலோடு நான், எல்லோரும்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்தபோது நூற்றியெட்டு வண்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. காவலுக்கு இருந்தவனிடம் சாவி இல்லையாம். அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றி ஓடினோம். பாதி வழியில், ஒரு வேப்பமர நிழலில், பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை மனு நாளில் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு ஊரோடு போனோம். மனு சுற்றிச் சுற்றிக் கீழே தாலுகா ஆபீசுக்கு வந்தது, நாங்களும் போனோம். பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்த எழுத்தர் ஒருவர் எங்களுக்கே படித்துக் காட்டினார். ஆதியில் அந்த வழிக்குத் தனி சர்வே எண் இருந்திருக்கிறது. ‘டிராம் பாதை’ என்று எழுதியிருந்தார்கள். பிற்பாடு மறு அளவைக்கு வந்தவர்கள் ஊராரைக் கூப்பிட்டு, இங்கே டிராம் ஓடியதா என்று விசாரித்திருக்கிறார்கள். அப்படி ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை என்று ஊரே ஒரே குரலில் சொல்லியிருக்கிறது. சொன்னதை எழுதிக்கொண்டு, இல்லாத பாதைக்கு எண் எதற்கு என்று பக்கத்து நிலத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

“உங்க ஊர்க்காரங்க சொன்னதுதாம்மா. ரயிலே கெடையாதுன்னு கைநாட்டு வெச்சிருக்காங்க, பாருங்க” என்றார்.

தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்கிற ஊரை அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்சில் ஒவ்வொருவராகக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருவர் தூங்குவது போல நடித்தார். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

விடை வானத்திலிருந்து விழுந்தது. அந்த வருஷம் ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் அடித்தது. ஒருநாள் மதியம் நானும் மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் பொத்தென்று ஒரு பாளம் சிமெண்டு வந்து விழுந்தது. ரசச் சட்டி கவிழ்ந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஊறிப்போன சாக்கு கிழிந்து தொங்கியது. அதற்குள்ளிருந்து, துருப்பிடித்த சிவப்பில், ஒரு தண்டவாளம் என்னைப் பார்த்தது.

மாமியார் எழுந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எழுபத்தைந்து வயதுக்கு மேல். கொடியில் காய்ந்த புடவையை உருவி, முக்காலியின் மேல் ஏறி நின்று, அந்த ஓட்டையை மூடப் பார்த்தார்.

“அது ரயிலு இல்ல” என்றார்.

“பின்ன?”

“அது கம்பி.”

“அத்தே, நான் இருபது வருசமா தண்டவாளத்துலதான் சோறு தின்னுக்கினு இருக்கேன். என்கிட்டயே கம்பின்றீங்களா?”

“இரும்புன்னா எல்லாம் கம்பிதான்” என்று சொல்லிவிட்டு, முக்காலியிலிருந்து இறங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்கள் உண்டு. ஒரு ஊர் முழு ரயிலையே கூரையில் மறைத்து வைத்திருந்தது.

அழுது முடித்து அவர் சொன்னது இது. மலையில் குவாரிக் கம்பெனி இருந்த காலத்தில், மேலே வெட்டுகிற இடத்திலிருந்து கீழே மெயின் லைன் வரைக்கும் சின்னத் தண்டவாளம் போட்டு, இரும்புத் தொட்டி வண்டியில் கல் இறக்கியிருக்கிறார்கள். கம்பெனி ஒருநாள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் கேட்பாரில்லாமல் கிடந்தது. ஒரு வாரத்தில் ஊர் அதைப் பிரித்துப் பங்கு போட்டுக்கொண்டது. பனை விட்டத்தைக் கறையான் அரிக்கும், இரும்பை அரிக்காதே! அதுவரைக்கும் தப்பில்லை. கொஞ்ச நாள் கழித்து, மெயின் லைனில் யாரோ இரும்புச் சாமான் திருடினார்கள் என்று போலீஸ் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வந்தது. இந்த ஊரிலும் இரண்டு பேரைக் கூட்டிப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து அனுப்பினார்கள். அவ்வளவுதான். ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது: இங்கே ரயில் ஓடவே இல்லை. விட்டத்துக்கெல்லாம் சிமெண்டு ஏறியது. பிள்ளைகளுக்கு அம்மா அப்பா சொல்லக் கற்றுக்கொடுத்த கையோடு ‘ரயில் இல்லை’யும் கற்றுக்கொடுத்தார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எங்கள் ஊருக்குக் கனம் தலைக்கு மேலே இருந்தது.

என்னைப் பெண் பார்த்த கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. ரயில்வேயில் வேலை செய்கிற பெண்ணை எடுக்கலாமா கூடாதா என்று பஞ்சாயத்தே நடந்திருக்கிறது. மாப்பிள்ளை பிடிவாதமாக நின்றதால் ஒப்புக்கொண்டு, என் கல்யாணத்துக்காக முப்பது வீட்டு விட்டத்துக்கும் புதுப் பூச்சு போட்டிருக்கிறார்கள். பூசிய கொத்தனார் யார் என்று நான் கேட்கத் தேவை இருக்கவில்லை. அந்த மனுஷனோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், தன் கல்யாணத்துக்காக அத்தனை வீட்டையும் ஏணி போட்டு ஏறிப் பூசிய மாப்பிள்ளை யாராவது உண்டா என்று நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு டேப்பை எடுத்து விட்டத்தை அளந்தேன். மெயின் லைன் தண்டவாளத்தை ஒரு மீட்டர் வெட்டி எடுத்தால் அறுபது கிலோ இருக்கும். இது அதில் ஆறில் ஒரு பங்கு தேறினால் அதிகம். பயிற்சியில் எங்களுக்குப் பாடம் நடத்தியவர் குறுகிய பாதையைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஊட்டி ரயிலை எல்லோரும் குட்டி ரயில் என்பார்கள், அது மீட்டர் கேஜ்தான். நிஜமான குறும்பாதை இரண்டு, இரண்டரை அடிக்குள் அடங்கும். தங்கமோ நிலக்கரியோ கல்லோ, எதைத் தோண்ட மலை ஏறினாலும் முதலில் ஏறுவது அதுதான். பாதை எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவு இறுக்கமாக வளையலாம், மலையை அவ்வளவு குறைவாக வெட்டினால் போதும். தண்டவாளம் இளைத்திருப்பதால் இரண்டு பேர் தோளில் தூக்கிப் போய் இன்றைக்கு இங்கே, நாளைக்கு வெட்டு நகர்ந்தால் அங்கே என்று மாற்றிக்கொள்ளலாம். கனத்த வண்டி தன் பாரத்தில் தானே இறங்கும், காலி வண்டியை மாடும் மனுஷனும் மேலே தள்ளுவார்கள். அந்தப் பாதையைச் சுற்றித்தான் ஊரே முளைக்கும். தோண்டுவது தீர்ந்தால் முதலில் காணாமல் போவதும் அதுதான் என்று அவர் சொன்னார். எங்கள் ஊரில் அது காணாமல் போகவில்லை. ஏறி மேலே படுத்துக்கொண்டது.

விட்டத்தின் பக்கவாட்டில் இருந்த எழுத்தை மொபைலில் படம் எடுத்து எங்கள் செக்ஷன் இன்ஜினியரிடம் காட்டினேன். எந்த வீட்டில் இருக்கிறது என்று சொல்லாமல்தான். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது நம்மளுது இல்லம்மா. ஏதோ குவாரி லைன். இவ்ளோ சன்ன ரெயிலு நம்ம கணக்குல என்னைக்குமே இருந்ததில்ல. எங்க புடிச்ச இத?”

“கண்ணுல பட்டுச்சி சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினேன். விட்டத்தில் இருப்பது ரயில்வே சொத்து இல்லை, ஒரு கேஸும் வராது, அதை வெளியே காட்டினால்தான் வழி திரும்பும் என்றேன். ஊர் நாட்டாண்மை நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். “நீ சொல்றது சரிம்மா. வந்து புடிச்சிக்கினு போனா யாரு பதில் சொல்றது? பேஜாரா பூடும்” என்றார்.

“கேஸ் வந்தா முதல் கேஸ் என் மேல வரட்டும். ரயில்வேகாரி ஊட்டு விட்டத்துலயே ரயிலு இருக்குதுன்னு நானே எழுதித் தர்றேன்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போல. கோயில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்துவிட்டன.

வாயால் சொன்னதை விடக் கண்ணால் காட்டுவது மேல் என்று, கேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த வழியில் முள்ளை வெட்டி மண்ணைக் கொத்தினோம். நான் நினைத்தது சரிதான். மலையில் கல்லுக்கா பஞ்சம்! கட்டைக்குப் பதிலாகக் கல்லையே சதுரமாக அடித்துப் புதைத்து அதன்மேல் தண்டவாளத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். ஜோடி ஜோடியாகக் கற்கள் வரிசையில் வந்தன. ஒவ்வொரு கல்லின் தலையிலும் உளியால் எடுத்த ஒரு பள்ளம். மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு துண்டைப் பிடுங்கி வந்து வைத்தோம். தண்டவாளத்தின் அடி அந்தப் பள்ளத்தில் பூட்டுக்குச் சாவி போல உட்கார்ந்தது. விசில் அடித்தவர்கள் யார் என்று தெரியவில்லை, என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். அன்று சாயங்காலமே ஒவ்வொரு வீட்டிலும் சிமெண்டை உடைக்கிற சத்தம் கேட்டது. கூரைக்குப் பனை விட்டம் மாற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தார் எங்கள் கொத்தனார். தான் பூசியதைத் தானே உடைக்கிற தண்டனை அவருக்கு.

கோட்டாட்சியர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. கேட் இருக்கிற இடம்தான் முக்கியம். அது வளைவு. அங்கே கல்லும் வளைந்துதான் போகும், நேர்த் தண்டவாளம் ஒன்றுகூட உட்காராது. ஊரில் இருந்த அத்தனையும் நேர்த் தண்டவாளம். வளைந்தது ஒன்றே ஒன்று, எங்கள் வீட்டு முகட்டில் இருந்தது.

மாமியார் அதற்கு மட்டும் மசியவில்லை. விட்டத்துக்கு நேர் கீழே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். மகன் கெஞ்சினார், நாட்டாண்மை வந்து சொன்னார். “யாரு ஊட்டுத வேணாலும் எடுத்துக்கினு போங்க. இது இருக்கட்டும்” என்பதே பதில். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஊரே கூரையப் பிரிச்சிக்கினு நிக்குது. உங்களுக்கு மட்டும் இன்னா அத்தே அப்படி ஒரு ஆசை இந்தத் துருப்புடிச்ச இரும்பு மேல?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எனுக்கு இன்னாடி ஆசை? மத்தவங்க ஊட்ல இருந்து எடுத்தா ஊரு மேல கேஸு. இங்கருந்து எடுத்தா உன் மேலதான கேஸு? உன் வேலை போயிட்டா? அப்பன் செத்து வாங்குன வேலைடி அது. அத்த நான் போக உடுவனா?”

பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் என்னைப் பார்த்துப் பயந்தார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்காகப் பயந்திருக்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ஜினியர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொன்னேன், படத்தையும் காட்டினேன். அது எங்கள் கணக்கிலேயே இல்லாத இரும்பு, என் வேலையை யாராலும் தொட முடியாது என்றேன். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தார். “எறக்குங்கடா. ஓடு ஒடையாம எறக்குங்க” என்றார்.

கோட்டாட்சியர் வந்த காலை நல்ல வெயில். இளவயதுப் பெண், காட்டன் புடவை, ஷூ. கூடவே சர்வேயர், வி.ஏ.ஓ., ஒரு எழுத்தர். கேட்டைத் திறக்கச் சொன்னார். கிரஷர்காரர் பக்கத்திலிருந்து ஒரு மேலாளர் வந்திருந்தார், மடிப்புக் கலையாத சட்டையில். மண்ணைக் கொத்தி நாங்கள் காட்டிய கற்களைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் மாடு கட்டுற கல்லு மேடம்” என்றார்.

“மாட்டை இப்படி மூணடிக்கு ஒண்ணா, ஜோடி ஜோடியா, மலை உச்சி வரைக்குமா கட்டுவாங்க?” என்று கேட்டேன்.

நான் மேலே பார்த்துக் கையை அசைத்தேன். என் உத்தியோகத்தில் எத்தனையோ கொடி அசைத்திருக்கிறேன். அன்று அசைத்த கைக்கு வந்த பெருமை எந்தக் கொடிக்கும் வந்ததில்லை. மேலேயிருந்து ஊர் இறங்கியது. ஒரு தண்டவாளத்துக்கு நாலு பேர், ஆணும் பெண்ணும், தோளில் துண்டைச் சுருட்டி வைத்து, ‘ஐலசா’ சொல்லிக்கொண்டு, அந்தச் சீரான இறக்கத்தில் வரிசையாக வந்தார்கள். கட்டிலோடு தூக்கிப் போன அந்தப் பெண், குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வைத்த கல்லிலெல்லாம் தண்டவாளம் உட்கார்ந்தது. கடைசியாக எங்கள் வீட்டு விட்டம் வந்தது. வளைவில், கேட் தூணை ஒட்டி, வெளிப்பக்கக் கற்களின் மேல் இறக்கினோம். நாலு கல், நாலு பள்ளம். நாலிலும் ஒரே நேரத்தில் இறங்கி நின்றது. தொந்தி போட்ட கூரைக்குக் கீழே பதினெட்டு வருஷம் சமைத்திருக்கிறேன். அந்த வளைவு எந்த இடத்துடையது என்று அன்றுதான் தெரிந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. சர்வேயர் குனிந்து அந்தத் தண்டவாளத்துக்கும் உள்பக்கக் கல்லின் பள்ளத்துக்கும் நடுவே டேப்பை நீட்டினார். “ரெண்டு அடி மேடம். மேல எடுத்த அளவேதான்” என்றார்.

கோட்டாட்சியர் பழைய பதிவேட்டின் நகலைப் புரட்டினார். “கல்லும் சரி, இரும்பும் சரி. ஆனா இங்க ரயில் ஓடவே இல்லன்னு உங்க ஊரே எழுதிக் கொடுத்திருக்கு. இப்போ ஓடுச்சின்னு யாராவது வாக்குமூலம் கொடுக்கணும். கண்ணால பார்த்தவங்க. யார் கொடுக்கப் போறீங்க?”

ஐலசா சொன்ன அத்தனை வாயும் மூடிக்கொண்டன. இரும்பைத் தூக்கி வருவது வேறு, அதிகாரி முன்னால் வாயைத் திறப்பது வேறு. சின்ன வயதிலிருந்தே ‘இல்லை’ என்று மட்டும் சொல்லிப் பழகிய நாக்குகள் அவை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நாட்டாண்மை தரையைப் பார்த்தார். நான் வெளியூர்க்காரி, நான் பார்த்தவளும் இல்லை. மேலாளர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

“நான் சொல்றேன்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “ஓடுச்சி.”

“நீங்க பார்த்தீங்களாம்மா?”

“பாத்தனாவா? கடைசித் தொட்டில ஏறி நின்னு பிரேக்கு புடிச்சதே நான்தாம்மா. பொட்டப் புள்ளைங்க கனம் கம்மின்னு எங்களத்தான் ஏத்துவாங்க. ஒரு நீட்டுக் கட்டை இருக்கும். அத்த மெதிச்சா சக்கரம் புடிக்கும். மத்த எடத்துல ஒத்தக் கால் போதும். இந்த வளைவுல ரெண்டு காலும் வெச்சி ஏறி நிக்கணும். இல்லன்னா கல்லும் போயிடும், நானும் போயிடுவேன்.”

என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பெற்ற பிள்ளைக்கே அன்றுதான் தெரியும்.

மாமியார் நிறுத்தவில்லை. கேட் தூணருகே போய்க் காலால் தரையைத் தட்டினார். “இதோ இந்தத் தூணுக்கு அடில ஒரு சின்ன மதகு இருக்குது. கல்லு மதகு. மழைத் தண்ணி லைனுக்குக் கீழ போறதுக்குக் கட்டுனது. அத்தத் தாண்டினப்புறம்தான் நாங்க கால எடுப்போம். தோண்டிப் பாருங்க. இல்லன்னா என்னைக் கூட்டிக்கினு போயி உள்ள போடுங்க.”

நாலு மண்வெட்டி ஒரே நேரத்தில் இறங்கின. முழங்கால் ஆழம் போவதற்குள் வெட்டுக்கல் தட்டியது. மண்ணை வழித்து எடுத்தார்கள். சின்னதாக, ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவில், வளைவு கட்டிய மதகு. தூணின் கான்கிரீட் பாதி அதன் தலையில்தான் உட்கார்ந்திருந்தது. சர்வேயர் சிரித்துவிட்டார். கோட்டாட்சியர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தவர் மேலாளரிடம், ஆணை வருகிற வரைக்கும் இந்தக் கேட் திறந்தே இருக்க வேண்டும், பூட்டையும் சங்கிலியையும் இப்போதே வி.ஏ.ஓ. கையில் கொடுங்கள் என்று சொன்னார். கொடுத்தார்கள். ஊர் போட்ட கூச்சலில் மயிலம் மலை மேல் இருக்கிற முருகனுக்கே காது அடைத்திருக்கும். பிள்ளைகள் கேட்டின் வழியே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடினார்கள், சும்மா ஓடுவதற்காகவே ஓடினார்கள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே எழுத்தர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். மாமியார் எதிரே கல்லின் மேல் உட்கார்ந்தார். பெயர் கேட்டார், வயது கேட்டார். அடுத்ததைக் கேட்பதற்கு முன்பே பேனா ஓடியது.

“தொழில், கூலின்னு போட்டுக்கறேன்.”

மாமியார் கையை நீட்டிப் பேனாவைத் தடுத்தார். என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“கூலின்னு போடாதீங்க சார். ரயில்ல பிரேக்குன்னு போடுங்க.”